சார்ஜைக் குடித்தது யார்?

சிரிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அந்தக் கேஸ் மாடிப்படி ஏறி வந்தது.

நிபந்தனை போட்டவள் ஒரு தச்சுக்காரி. காதில் பென்சில், தலைமுடியில் மரத்தூள், கண்ணில் தூக்கம் கெட்ட சிவப்பு. கூடவே அவளுடைய மாமனார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, காலில் பந்தயத்துக்குப் போகிறவன் போடும் வெள்ளை ஷூ.

எதிரே ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தவர் மேடம். காப்பீட்டு அலுவலகத்தில் காலமெல்லாம் க்ளெய்ம் பார்த்தவர். எரியாத கடையை எரிந்தது என்பார்கள், நகராத காரை மோதியது என்பார்கள். அத்தனை பேரின் புளுகையும் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, ஓய்வு பெற்றதும் சும்மா இருக்கப் பிடிக்காமல், ஒரு சலவைக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். அதனால் அங்கே எந்தக் கொடிய குற்றத்தைப் பற்றிப் பேசினாலும் சோப்பு வாசனை அடிக்கும்.

பக்கத்து ஸ்டூலில் உதவியாளன் சோடாபுட்டி. கண்ணாடியின் தடிமன் அப்படி. முன்பு மின்சாமான் கடையில் விற்பனையாளனாக இருந்தவன். வாங்க வந்தவர்களிடம் உண்மையைச் சொன்ன குற்றத்துக்காக வேலை போனது. வாய் மட்டும் போகவில்லை.

"சொல்லும்மா. சிரிக்க மாட்டோம். என்ன திருட்டுப் போச்சு?" என்றார் மேடம்.

"சார்ஜ்."

"என்னது?"

"பேட்டரியில இருக்கிற சார்ஜ், மேடம். பேட்டரி வெச்ச இடத்துலயே இருக்கு. உள்ள இருக்கிற சார்ஜை மட்டும் யாரோ எடுத்துடறாங்க."

சோடாபுட்டி சிரிக்கவில்லை. இருமினான். மேடம் முறைத்ததும் இருமலை விழுங்கிவிட்டு, "போலீஸ்ல சொன்னீங்களாக்கா?" என்று பணிவாகக் கேட்டான்.

"சொன்னேன். அங்க இருமல்கூட இல்ல. நேராவே சிரிச்சுட்டாங்க."

அவள் விளக்கினாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, அதுதான் பட்டறை. டிரில், ரம்பம் எல்லாமே பேட்டரியில் ஓடுபவை, எல்லாமே பச்சை நிறக் கம்பெனி. இருப்பது இரண்டு பேட்டரி. சாயங்காலம் சார்ஜ் போட்டு, நாலு விளக்கும் எரிவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பூட்டுகிறாள். காலையில் வந்தால் இரண்டிலும் ஒற்றை விளக்கு, அதுவும் கண் சிமிட்டுகிறது. ஒரு கிளினிக்கில் அலமாரி மாட்டும் வேலை நடக்கிறது. ஓட்டை போடப் போட டிரில் பாதியில் நின்றுவிடுகிறது. அங்கே டாக்டர் அம்மா இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு. சைலன்ஸ்கிட்ட ஒண்ணு."

சைலன்ஸ் அவளிடம் வேலை பார்ப்பவன். பேச மாட்டான். பேசினால் ரம்பத்துக்கு வலிக்கும் என்று நினைக்கிறானோ என்னவோ, அவ்வளவு அமைதி.

"தச்சு வேலைக்குப் பொம்பளையான்னு எல்லாரும் சிரிச்சப்ப, சிரிக்காம ரம்பத்தைக் கையில எடுத்தவன் அவன் ஒருத்தன்தான் மேடம். இப்ப அவனையே சந்தேகப்படறேன். ராத்திரியில வெளிய தனியா வேலை பார்க்கறானோன்னு மனசு அரிக்குது. கேட்டேன். 'நான் எடுக்கலக்கா'ன்னான். அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. இன்னிக்குச் சாயங்காலத்தோட போகச் சொல்லிடலாம்னு இருக்கேன். சொன்னா என் வலது கையை நானே அறுத்துக்கிட்ட மாதிரிதான்." பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் திரும்பச் செருகிக்கொண்டாள்.

"சாயங்காலம் வரைக்கும் பொறு," என்றார் மேடம். "அதுக்குள்ள சொல்றேன்."

அதுவரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த மாமனார் இப்போது தொண்டையைச் செருமினார். "ஃபீஸ் என்னங்க?"

மேடம் சொன்னார்.

"அது போர்டு விலை. கடைசி விலை சொல்லுங்க."

"அதுதாங்க கடைசி."

"ஒரு கேஸ் கொடுத்தா இன்னொண்ணு இலவசம்னு ஏதாவது உண்டா?"

"உங்ககிட்ட இன்னொரு கேஸ் இருக்கா?" என்று கேட்டான் சோடாபுட்டி.

"இல்ல. வாங்கி வெச்சுக்கிட்டா எப்பவாவது உதவும்ல."

"மாமா, போதும் மாமா," என்று கெஞ்சினாள் தச்சுக்காரி. "தப்பா நெனைக்காதீங்க மேடம், இவர் எங்க போனாலும் இப்படித்தான்."

"நீ சும்மா இரும்மா. ஏங்க, ரிப்போர்ட்டை எதுல போட்டுத் தருவீங்க?"

"கவர்ல."

"கவர் வேணாம். வெறும் ரிப்போர்ட் போதும். கவருக்கு என்ன உண்டோ அதைக் குறைச்சுக்குங்க."

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மேடத்தின் கை ஒரு கணம் நின்றது. புளுகர்களைக் கண்டால்தான் வழக்கமாக அப்படி நிற்கும். பிறகு, "குறைச்சுக்கலாம்," என்று சொல்லிச் சுளையை வாயில் போட்டுக்கொண்டார். மாமனார் முகத்தில் சொத்து வாங்கியவரின் ஒளி தெரிந்தது.

பட்டறை, சோடாபுட்டி எதிர்பார்த்ததைவிடச் சின்னது. எதிர்பார்த்ததைவிடத் தூசு. பலகை மேல் தூசு, ஜன்னல் மேல் தூசு, சுவர்க் கடிகாரத்தின் முள் மேலும் தூசு. மூலையில் ஒரு கதவுச் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்த சைலன்ஸின் புருவம் இரண்டும் மரத்தூளில் வெளுத்துப் போயிருந்தன. இவர்களைப் பார்த்துத் தலையாட்டினான். பதிலும் விருந்தோம்பலும் அதோடு முடிந்தன.

"முகத்தைப் பார்த்தா எடுத்தவன் மாதிரியும் இருக்கான், எடுக்காதவன் மாதிரியும் இருக்கான்," என்று மேடத்தின் காதில் சொன்னான் சோடாபுட்டி. "மொத்தத்துல முகமே இல்லாத மாதிரி இருக்கான்."

மேடம் அவனைக் கண்டுகொள்ளவில்லை. சார்ஜரில் கிடந்த பேட்டரி இரண்டையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலையிலேருந்து இதை யாராவது தொட்டாங்களாம்மா?"

"ஒத்த விளக்கைப் பார்த்ததும் ஆத்திரத்துல சார்ஜர் பட்டனை மட்டும் தட்டிவிட்டு உங்ககிட்ட ஓடி வந்துட்டேன். சைலன்ஸ் இன்னிக்குக் கை இழைப்புளிதான் பிடிச்சிருக்கான்."

"டேய், ஒரு விரலை நீட்டு," என்றார் மேடம். சோடாபுட்டி நீட்டினான். அந்த விரலைப் பிடித்து டிரில் மேல் ஓர் இழுப்பு இழுத்தார். விரல் நுனியில் தூசு. ரம்பத்தின் மேல் இழுத்தார். தூசு. பேட்டரி மேல் இழுத்தார். ஒன்றும் இல்லை.

"துடைச்சு வெச்சிருக்காங்க," என்றான் சோடாபுட்டி. "இவ்வளவு சுத்தமான திருடனை நான் பார்த்ததே இல்ல. நம்ம ஆபீசுக்கும் ஒரு தடவை வரச் சொல்லலாம்."

"இந்தக் கொட்டகையில வேலை பார்க்கறவன் ஒரு பேட்டரியைத் துடைப்பானா? துடைச்ச துணியிலயே தூசு இருக்கும். இது வீட்டுல, நல்ல துணியால துடைச்சது. அப்புறம் இதைப் பாரு." பேட்டரியைச் செருகும் காடியிலிருந்து எதையோ நகத்தால் நெம்பி எடுத்தார். காய்ந்த இலையின் ஒரு துணுக்கு.

"இங்க பலகைதான் வரும், மரம் வராது," என்றாள் தச்சுக்காரி. "இலைக்கு வழியே இல்ல மேடம்."

"நீ கடையில நின்னவன்தானே," என்று மேடம் திரும்பினார். "ஒருத்தன் உள்ள வரான். இந்த டிரில்லு விலை ஜாஸ்தி. அதைத் தொடல. பேட்டரியை மட்டும் எடுத்துக்கிட்டுப் போறான். ஏன்?"

சோடாபுட்டிக்கு இது சொந்த மைதானம். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டான். "இந்த வியாபாரமே அப்படித்தான் மேடம். மெஷினை மலிவா கொடுத்து, பேட்டரியில பிடிச்சுடுவாங்க. பச்சைப் பேட்டரி பச்சை மெஷின்லதான் நிக்கும். மஞ்சள்ல நிக்காது. கட்சியில சேர்ற மாதிரி. ஒரு தடவை சேர்ந்துட்டா, வெளிய வரணும்னா எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் வரணும். அதனால பேட்டரி மட்டும் வேணும்னா, அவன்கிட்ட ஏற்கெனவே ஒரு பச்சை மெஷின் இருக்கணும்." கொஞ்சம் நிறுத்தினான். "பேட்டரி இல்லாத பச்சை மெஷின்."

"அப்படியும் விப்பாங்களா?"

"வெறும் மெஷின்னு தனியா உண்டு. பேட்டரி ஏற்கெனவே வெச்சிருக்கிறவங்களுக்கு நல்ல லாபம். இல்லாதவன் விலையைப் பார்த்து மயங்கி வாங்கினா, அழகான ஒரு பிளாஸ்டிக் பொம்மையை வாங்கின மாதிரி."

"ரெண்டு பேட்டரியையும் ஒரே மூச்சுல குடிக்கிற மெஷின் எது?"

"ப்ளோயர். காத்தை ஊதுறது. குடிகாரப் பய." சொல்லிவிட்டு இலைத் துணுக்கைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். அவன் வாய் தானாக மூடுவது அபூர்வம்.

"இந்த ஊர்ல பச்சையில வெறும் மெஷினைத் தள்ளிவிடற கடை எது?" என்று கேட்டார் மேடம்.

சோடாபுட்டிக்குத் தெரியாத கடையா. வாசலில் 'இன்றே கடைசி நாள்' என்று துணி கட்டியிருக்கும் கடை. அந்தத் துணி வெயிலில் வெளுத்து, மழையில் நனைந்து, ஒரு தடவை கிழிந்து ஒட்டுப் போட்டும் தைத்தாகிவிட்டது. கடைசி நாள் மட்டும் வரவில்லை.

இவர்கள் உள்ளே நுழைந்ததும் கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் குனிந்துவிட்டார்.

"நாங்க சண்டை போட வரல," என்றான் சோடாபுட்டி.

"ப்ளோயர் வாங்கலியே?" என்று கீழிருந்து குரல் வந்தது.

"இல்ல."

கடைக்காரர் எழுந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க. அந்தப் பச்சை ப்ளோயரைப் பாதி விலைக்குப் போட்டேன். அதுலேருந்து எனக்கு நிம்மதி இல்ல. பெட்டியில இவ்வளவு பெருசா படம். படத்துல பேட்டரி இருக்கு. ஓரமா ஒரு நட்சத்திரம் போட்டு, 'படத்தில் உள்ள பேட்டரியும் சார்ஜரும் பெட்டியில் இல்லை'ன்னு தெளிவாத்தான் எழுதியிருக்கு."

சோடாபுட்டி பெட்டியை மூக்குக்கு அருகே கொண்டுபோனான். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தான், மாட்டிப் பார்த்தான். "தெளிவுதான். எறும்புக்கு."

"வாங்கினவங்க எல்லாரும் திரும்பி வந்துட்டாங்க," என்று புலம்பினார் கடைக்காரர். "பெட்டியைக் கொண்டாந்து தடால்னு வெச்சு, பேட்டரி எங்கடான்னு கேக்கறாங்க. ஒரு அம்மா என் சட்டையைப் பிடிச்சாங்க. எல்லாருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தாச்சு."

"எல்லாருக்குமா?" என்று கேட்டார் மேடம்.

"ஒருத்தரைத் தவிர. அவர் மட்டும் வரவே இல்ல."

"ஏன் வரல? அவர்கிட்ட பேட்டரி இருந்திருக்குமோ?" என்றார் மேடம்.

"அதெல்லாம் தெரியாதுங்க. அவர் வந்திருந்தாலும் நான் திருப்பி எடுத்திருக்க மாட்டேன். பெட்டி இல்லாம ரிட்டர்ன் கிடையாது. அந்த ஆள் பெட்டியையே எடுத்துக்கிட்டுப் போகல. மெஷினை மட்டும் உருவி எடுத்து அக்குள்ல வெச்சுக்கிட்டு, 'பெட்டி எனக்கு எதுக்கு, பெட்டிக்கு என்ன உண்டோ அதைக் குறைச்சுக்குங்க'ன்னார். எத்தனையோ வருஷமா கடை நடத்தறேன், பெட்டிக்குப் பேரம் பேசின ஆளை இப்பத்தான் பார்க்கறேன்."

சோடாபுட்டி மேடத்தைப் பார்த்தான். மேடம் சோடாபுட்டியைப் பார்த்தார்.

"கவர்," என்றான் அவன், ஈனசுரத்தில்.

"கவர்," என்றார் அவர். "அந்தப் பெட்டி இன்னும் இருக்கா?"

இருந்தது. கடைக்காரர் அதில் குடை போட்டு வைத்திருந்தார். குடையை எடுத்துவிட்டு, வியாபாரி என்பதால் பெட்டிக்கு ஒரு விலையும் சொன்னார். மேடம் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தார். சோடாபுட்டிக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் சுற்றும் முற்றும் பார்த்தவன் கண்ணில், கைக்கு அடக்கமான ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர் பட்டது. பேட்டரியோடு. சொன்னால் நம்ப முடியாத விலை. இந்தத் துறையில் தான் கரைத்துக் குடித்தவன் என்ற தைரியத்தில், பேட்டரி இருக்கிறதா என்று திறந்து பார்த்து, இருப்பதை உறுதி செய்து, வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

பட்டறைக்குத் திரும்பியபோது சாயங்கால வெயில் கொட்டகைக்குள் சாய்ந்திருந்தது. சைலன்ஸ் தன் உளிகளைத் துணியில் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. ஆனால் தச்சுக்காரி காலையிலிருந்து அவன் முகத்தைப் பார்க்காததே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. அவள் சுவரைப் பார்த்து நின்றாள். மாமனார் வாசலில், வீட்டுக்குள் போவதா இங்கே நிற்பதா என்று தெரியாமல், வெள்ளை ஷூவை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தார்.

மேடம் பலகை மேல் தூசைத் தள்ளிவிட்டு, காலிப் பெட்டியை வைத்தார்.

மாமனார் அதைப் பார்த்தார். மெதுவாக உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்து வாசிக்கும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பெட்டியைத் தூக்கி, படத்தைப் பார்த்து, ஓரத்து நட்சத்திரத்தைத் தேடிப் பிடித்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். "படத்தில் உள்ள பேட்டரியும் சார்ஜரும் பெட்டியில் இல்லை." படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "அட, எழுதித்தான் இருக்கு," என்றார்.

"அம்மா, இந்தப் பூட்டு வாங்கினப்ப எத்தனை சாவி கொடுத்தாங்க?" என்று கேட்டார் மேடம்.

"மூணு," என்றாள் தச்சுக்காரி. "ஒண்ணு வீட்டுக்குள்ள ஆணியில..." பாதியில் நின்றாள். வீட்டில் இருப்பவர்களை யார் கணக்கில் சேர்ப்பார்கள். "மாமா?"

மாமனார் ஒரு மரக்கட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "காலையில பார்க்ல நடக்கறோம்லம்மா, அந்தப் பயலுங்க என்னைத் தள்ளுபடின்னுதான் கூப்பிடுவானுங்க. நான் எது வாங்கினாலும் சிரிப்பானுங்க. அந்த இடது கால் செருப்பு ஞாபகம் இருக்கா?"

"ரெண்டும் இடது கால்," என்று சோடாபுட்டிக்கு விளக்கினாள் தச்சுக்காரி.

"இந்த ப்ளோயர் வாங்கினதும் அவனுங்ககிட்ட முதல்ல பெருமையடிச்சுட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தா பேட்டரி இல்ல. மறுநாள் கொண்டு வாங்க பார்க்கலாம்னுட்டானுங்க. ஒரே ஒரு நாள்தான்னு உன் பேட்டரியை எடுத்தேன். அமுக்கினேன் பாரு, பார்க்ல இருந்த அத்தனை இலையும் பறந்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. என் வாழ்க்கையில நான் மலிவா வாங்கின ஒண்ணு வேலை செஞ்சது அதுதாம்மா முதல் தடவை. நாளைக்கும் வாங்கன்னாங்க. போனேன். அதுக்கு மறுநாளும் போனேன்."

"என்கிட்ட பேட்டரி வேணும்னு கேட்டிருக்கலாமே மாமா."

"கேட்டா, பேட்டரி இல்லாம வாங்கிட்டு வந்தேன்னு தெரிஞ்சு போயிடுமே."

"அதுக்காக நாங்க கேஸ் எடுக்காம ஓடணும்னு அவ்வளவு குறைச்சுக் கேட்டீங்களா?" என்றார் மேடம்.

"இல்லம்மா," என்றார் மாமனார் நேர்மையாக. "அது பழக்கதோஷம்."

சோடாபுட்டியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "ஐயா, நாளைக்கு எது வாங்கினாலும் என்னைக் கூட்டிட்டுப் போங்க. நாங்க பார்த்து வாங்குவோம். இதோ பாருங்க, பேட்டரியோட," என்று பைக்குள்ளிருந்து குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நீட்டி, பட்டனை அமுக்கினான். அது ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு முனகல் முனகி, நின்றது.

"சார்ஜ் போடணும்," என்றான்.

"சார்ஜர் எங்க?" என்று கேட்டார் மாமனார்.

சோடாபுட்டி பைக்குள் கையை விட்டான். துழாவினான். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். ஒரு குட்டித் துண்டுச்சீட்டு விழுந்தது. அதில் ஒரு நட்சத்திரம் இருந்தது.

மாமனாரின் முகம் மலர்ந்தது. "உனக்குமா?" என்று எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். கொட்டகைக்குள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மேடம்கூட. அந்தச் சிரிப்பிலேயே தைரியம் வந்து, மாமனார் கையைத் தட்டி, "சரி, சரி. ஏதோ தெரியாம நடந்துபோச்சு. எல்லாரும் மறந்துடலாம். என்ன தம்பி?" என்று சைலன்ஸ் பக்கம் திரும்பினார்.

சைலன்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. உளிச் சுருட்டு இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"ஐயா," என்றான்.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் குரலை மேடம் கேட்பது அதுதான் முதல் தடவை. கரகரப்பாக இருந்தது.

"மன்னிப்புல தள்ளுபடி கிடையாதுங்க. முழு விலை."

மாமனார் வாயைத் திறந்தார். பேரம்தான் வரப்போகிறது என்று சோடாபுட்டி நினைத்தான். அவரே அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனால் வரவில்லை. தூசில் தடம் பதிய நடந்து சைலன்ஸுக்கு எதிரே வந்து நின்றார்.

"நான்தான் எடுத்தேன். உன்மேல பழி விழுந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நாலு பேர் கைதட்டலுக்காக உன் வேலையே போகட்டும்னு பார்த்துக்கிட்டு இருந்தேன். தப்பு என்னுது. என்னை மன்னிச்சிடுப்பா."

சைலன்ஸ் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தான். பிறகு தலையாட்டினான்.

தச்சுக்காரி முன்னால் வந்தாள். கண் கலங்கியிருந்தது. "நானும் தரணும்டா," என்றாள். "நீ எடுக்கலன்னு சொன்ன. அதுவே எனக்குப் போதுமா இருந்திருக்கணும். ஊரே சிரிச்சப்ப நீ என்னை நம்பின. உன்னை நம்ப எனக்கு ஒரு துப்பறியும் மேடம் தேவைப்பட்டிருக்காங்க. மன்னிச்சிடு."

சைலன்ஸ் உளிச் சுருட்டை அவிழ்த்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் மாட்டினான். சார்ஜரில் இருந்த பேட்டரியை எடுத்துப் பார்த்தான். நாலு விளக்கும் எரிந்தது. "கிளினிக்குக்குப் போலாமா அக்கா?" என்றான்.

மாமனார் காலிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மேடத்திடம் வந்தார். பெட்டி இருந்தால் ப்ளோயரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்தக் காசை மருமகள் மூன்றாவதாக ஒரு பேட்டரி வாங்கக் கொடுத்துவிடலாம். "இந்தப் பெட்டியை நீங்க என்ன விலைக்கு வாங்கினீங்க?" என்று கேட்டார்.

மேடம் சொன்னார்.

"காலிப் பெட்டிக்கா? கொஞ்சம் பார்த்து..." என்று ஆரம்பித்தவரின் கண், டிரில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்ற சைலன்ஸ் மேல் விழுந்தது.

சைலன்ஸ் ஒன்றும் சொல்லவில்லை.

மாமனார் பையில் கைவிட்டு முழுசாக எடுத்துக் கொடுத்தார்.